எய்கிச்சி எடுத்த கல்

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு சௌக்கியம்தானே? இங்கே நேற்றிலிருந்து குளிர் பிடித்துக்கொண்டது. வெந்நீர்ப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பக்கம் எப்படி? முட்டிவலிக்காரர்கள் காலைக் கம்பளியில் சுற்றிக்கொள்ளுங்கள், யார் பார்த்தால் என்ன.

காலையில் பக்கத்து வீட்டுப் பெண் தவிட்டில் ஊறப்போட்ட முள்ளங்கி கொண்டுவந்து தந்தாள். கடித்தால் நறுக்கென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை, வளைந்துகொடுத்தது.

"மேல என்ன பாரம் வச்ச?" என்று கேட்டேன்.

"தண்ணி ரொப்புன பிளாஸ்டிக் கேன், பாட்டி."

சரி, தின்னலாம், பல்லுக்கு நல்லதுதான் என்று அனுப்பிவைத்தேன். ஆனால் அதிலிருந்து மிட்சு அக்காவின் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகமாட்டேன் என்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நான் ஒகுதானிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில், கியோத்தோவுக்கு மேற்கே மலை ஏறுகிற எங்கள் ஊரில் கத்தி தீட்டுகிற தீட்டுக்கல்லைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஆண்கள் சுரங்கத்தில் கல் எடுப்பார்கள். பெண்கள் அதைத் தலையில் சுமந்து கீழே கொண்டுவந்து, ஓடைக்கரைக் கொட்டகையில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்து மட்டம் பண்ணுவோம். நாள் முழுக்கச் சர்ர் சர்ர் என்று சத்தம். சேறு பால் மாதிரி முழங்கை வரை வழியும். சமையல் கத்திக்கு ஒரு கல், தச்சன் உளிக்கு ஒரு கல், எல்லாவற்றுக்கும் மேலே சவரக்கத்திக்கான கல். அது உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நல்லதாக அமைந்துவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்குச் சிவப்புப் பயறு போட்டுச் சோறு வடிப்பார்கள்.

கொட்டகையில் ஒரோக்கு என்று ஒருத்தி இருந்தாள். வாய் ஓயாது.

"நம்ம தேய்ச்ச கல்லுலதான் ஒசாக்கா ஆம்பளைங்களச் சரைக்கிற கத்தியெல்லாம் ஏறி எறங்குது. நம்ம வீட்டு ஆளுங்க மூஞ்சியப் பாரு, முள்ளம்பன்னி!"

"ஒன் ஆளு பரவால்ல. எங்க ஆளு பக்கத்துல படுத்தா தலகாணி கிழியுது" என்பாள் இன்னொருத்தி.

மிட்சு அக்கா சிரிக்கமாட்டாள், ஆனால் தோள் குலுங்கும். என் வேலியை ஒட்டின வீடு அவளுடையது. கல் தேய்ப்பதில் அவள் கை மாதிரி இன்னொரு கை நான் பார்த்ததில்லை. கட்டைவிரலில் தண்ணீர் தொட்டு ஒருதரம் வழித்துவிட்டுக் கல்லில் நகத்தை மெல்ல இழுப்பாள். எங்கேயாவது நகம் தட்டினால் அங்கே நரம்பு. நரம்பு என்றால் கல்லுக்குள் ஓடுகிற கடினமான இழை. அது கல்லின் அடுக்கோடு ஓடினால் குற்றமில்லை, அந்த ஏட்டைப் பிளந்து எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். அடுக்கைக் குத்திக்கொண்டு குறுக்கே போனால் எல்லா ஏட்டிலும் தலைகாட்டும். அதில் சவரக்கத்தியை இழுத்தால் விளிம்பு பல் பல்லாகப் போய், உட்கார்ந்திருக்கிறவன் கன்னம் கிழிந்துவிடும். அந்த மாதிரிக் கல்லை மிட்சு அக்கா இரண்டு விரலால் தூக்கி ஓடைப்பக்கம் போட்டுவிடுவாள். மறுபேச்சு கிடையாது.

அவள் வீட்டுக்காரர் யசபுரோ அண்ணன். சுரங்கத்துக்குள் பாறையைத் தட்டிப் பார்த்து, "இதுக்குப் பின்னால நல்ல அடுக்கு இருக்கு" என்று சொன்னால் இருக்கும். அதனால் ஊரில் அவருக்கு மரியாதை. ஒரே பிள்ளை எய்கிச்சி. அப்பாவின் கன்னக்குழி, அம்மாவின் கை. அவனுக்கும் கீழே கோயில் தெருவில் சலூனில் வேலை பார்த்த ஹனாயேவுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. ஹனாயே கெட்டிக்காரி. இவன் வாரம் தவறாமல் முகம் மழிக்கப் போய் நிற்பான். தாடியே சரியாக முளைக்காத முகம்.

"எதத்தான் சரைக்கிறா அவ?" என்று ஒரோக்கு கேட்பாள்.

"காத்தச் சரைக்கிறா" என்று அவனே சொல்லிவிட்டுப் போவான்.

அந்த வருஷம் யசபுரோ அண்ணன் சுரங்கத்தில் ஓர் இடத்தைக் காட்டி, "இனிமே இது ஒன் எடம். இங்க எடு. பால் மாதிரி அடுக்கு வரும்" என்று மகனிடம் கொடுத்தார். அப்பன் தன் கையால் இடம் காட்டிக் கொடுத்தால் பிள்ளை முழு ஆள் ஆகிவிட்டான் என்று எங்கள் ஊரில் அர்த்தம். அன்று இரவு அவர்கள் வீட்டில் மீன் வறுத்த வாசனை வேலி தாண்டி வந்தது. எய்கிச்சி அம்மாவிடம் சொன்னதும் கேட்டது.

"மொதக் கல்லு ஹனாயேவுக்கும்மா. அவ கடை போடறப்ப அவ கையில இருக்கணும்."

"எனக்கு ஒண்ணும் கெடையாதா?"

"ஒனக்கு ரெண்டாவது கல்லு. ஒங்கிட்ட என்ன, காயி நறுக்குற கத்திதானே?"

தக்காளி மாதிரி இருக்குமே எங்கள் ஊர்க் காக்கிப் பழம், அது சிவக்கிற பருவத்தில் சுரங்கக் கூரை சரிந்தது. ஒரு பாறைப் பலகை, அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவனுக்குத் தோளில் சிராய்ப்பு, எய்கிச்சிக்கு உயிர் போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரர் உட்பட நாலைந்து பேர் அவனைத் தூக்கி வந்தார்கள். அவன் பெயர்த்துக்கொண்டிருந்த கல் முழுசாகக் கழன்று அவன் முன்னால் கிடந்ததாம். பாதி நெல்மூட்டைக் கனம். அவன் எடுத்த கல் அவன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று மறுபடி போய் அதையும் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்கள். மேலெல்லாம் மலைச்சேறு.

இறந்தவர்களுக்கு முகம் மழித்து, நெஞ்சின்மேல் ஒரு கத்தி வைப்போம், கெட்டது அண்டாமல் இருக்க. ஹனாயே தன் சவரக்கத்தியோடு வந்துவிட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. "அவருக்கு நான்தான் செய்வேன்" என்றாள். யசபுரோ அண்ணன் அந்தக் கத்தியை வாங்கி, தன்னுடைய சொந்தத் தீட்டுக்கல்லை எடுத்து வைத்துக்கொண்டு தீட்டினார். அவர் அப்பா காலத்துக் கல், நடுவில் தேய்ந்து படகு மாதிரி குழிந்தது. வீடே அழுதுகொண்டிருக்கிறது, அந்த மனுஷன் கை மட்டும் நடுங்கவில்லை. தீட்டி, தன் முழங்கை முடியில் வைத்துப் பார்த்து, அவளிடம் கொடுத்தார். அந்தப் பெண் அவன் கன்னத்தை எவ்வளவு மெதுவாக மழித்தாள் தெரியுமா, தூங்குகிறவன் முழித்துக்கொள்ளப்போகிறான் என்பது போல.

அதற்குப் பிறகு யசபுரோ அண்ணன் சுரங்கத்துக்குப் போகவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவரும் கல்லைப் பிளந்து கொடுப்பார். மகனின் கல்லை மட்டும் தொடவில்லை. முற்றத்து மூலையில் வைக்கோல் பாய் போட்டு மூடி, காலையிலும் சாயங்காலமும் ஒரு குடம் தண்ணீர் அதன்மேல் ஊற்றுவார். கல் மலையிலிருந்து குடித்து வந்த தண்ணீர் காயும் முன்னால் அதைப் பிளந்தாக வேண்டும், காய்ந்துவிட்டால் ஏடு ஏடாகப் பிரியாது. அதனால் ஊற்றுகிறார் என்று நாங்கள் நினைத்தோம். மகன் வாயில் தண்ணீர் விடுகிற மாதிரி ஊற்றுகிறாரே என்று ஒரோக்குகூட அந்தப் பக்கம் பார்த்தால் வாயை மூடிக்கொள்வாள். ஒன்று மட்டும் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. இவ்வளவு தண்ணீர் விடுகிறவர் அந்தச் சேற்றைத் தேய்த்துக் கழுவவே இல்லை.

மிட்சு அக்கா எப்போதும் அவரை "எய்கிச்சி அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தாள். அறைக்குள் போய் எதிரே நின்று பேசுவாள், இல்லாவிட்டால் "இந்தாங்க" என்பாள். ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப்போடும்போது கேட்டது.

"இந்தாங்க, அந்தக் கல்ல எப்பப் பொளக்கப் போறீங்க?"

"பாக்கலாம்."

"பனி வருது. தண்ணி குடிச்ச கல்லு பனியில கெடந்தா வெடிச்சிரும்னு நான் சொல்லித்தான் ஒங்களுக்குத் தெரியணுமா?"

"தெரியும்."

"அப்பறம்?"

"பொளந்தா தீந்துபோச்சு மிட்சு. இப்பவே என்ன அவசரம்?"

"ஹனாயேவுக்குக் குடுக்கணும்ல. மொதக் கல்லு அவளுக்குன்னான். நீங்களும்தான் கேட்டீங்க."

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்கு ஹனாயே வந்தாள். சாமி கும்பிட்டு, டீ குடித்து, எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, புது வருஷம் பொறந்ததும் நான் கோபேக்குப் போறேன். அங்க எங்க சித்தி இருக்காங்க. கடையில சேத்துவிடறேங்கிறாங்க. இங்க எனக்கு..." என்று நிறுத்தினாள். "கண்ணாடியில எந்த மூஞ்சியப் பாத்தாலும் அவரு மாதிரியே இருக்கு அத்தை. கை ஓட மாட்டேங்குது."

மிட்சு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போம்மா. சின்ன வயசு, நீ போகத்தான் வேணும். போறதுக்கு முன்னால இங்க வந்துட்டுப் போ. ஒனக்கு ஒரு கல்லு இருக்கு. அவன் எடுத்தது. அது ஒங் கையில போய்ச் சேந்துட்டா எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

யசபுரோ அண்ணன் அங்கேதான் இருந்தார். கணப்பில் கரியைக் கிளறிக்கொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை.

அதிலிருந்து மிட்சு அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த வருஷம் முள்ளங்கி ஊறுகாய்கூடப் போடவில்லை. கூரைக்கடியில் கழியில் கட்டித் தொங்கவிட்ட முள்ளங்கி வாடி, வளைந்து, ஊறப்போடும் பக்குவம் வந்து, அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "அக்கா, முள்ளங்கி" என்பேன். "ஆமால்ல" என்பாள். அவ்வளவுதான்.

மலையம்மன் நாள் வந்தது. அன்றைக்கு யாரும் மலையில் கால் வைக்கமாட்டார்கள். அவள் தன் மரங்களையெல்லாம் எண்ணுகிற நாள் அது. யாராவது மலையில் நின்றால் அவனையும் ஒரு மரம் என்று எண்ணிக்கொள்வாள், அப்புறம் அவன் திரும்பி வரமாட்டான். பெண்களைக் கண்டால் அவளுக்கு எப்போதுமே ஆகாது. அதனால் பெண்கள் சுரங்கத்து வாசலோடு சரி. உள்ளே போவது எந்த நாளும் கிடையாது. ஆண்கள் அவளுக்குக் கோரமான முகமுள்ள ஒரு கருவாட்டைப் படைப்பார்கள். தன்னைவிட அழகில்லாத ஒன்றைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் தணியுமாம்.

"கருவாடு எதுக்கு, எங்க மாமியாரைக் கூட்டிட்டுப் போங்கன்னா கேக்க மாட்டேங்கிறாங்க" என்று ஒரோக்கு அன்றும் சொன்னாள்.

படையல் முடிந்து ஆண்கள் எல்லாம் ஊர்த்தலைவர் வீட்டில் அரிசிக் கள்ளான சாக்கே குடித்துக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அடுப்புப் புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போயிற்று. கழுவிப்போட்ட துணி சாயங்காலம் ஆகும் முன்பே மொறமொறவென்று விறைத்தது. உறைபனி வரப்போகிறது என்பதற்கு வேறென்ன வேண்டும்? கொட்டகைக் கல்லையெல்லாம் நாங்கள் உள்ளே அடுக்கி வைக்கோல் போட்டு மூடினோம்.

நான் வீட்டுக்கு வந்தபோது மிட்சு அக்கா முற்றத்தில் வைக்கோல் பாயின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பாய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காலையில் இரண்டு குடமாக ஊற்றியிருக்கிறார்.

"ஷிகே, இங்க வா. ஒரு கை குடு."

"எங்கக்கா தூக்கணும்? வீட்டுக்குள்ளயா?"

"வீடும் கொட்டகையும் உறையும், இவ்வளவு தண்ணி குடிச்ச கல்லுக்கு வைக்கோல் பத்தாது. போன வருஷப் பனியில சமையக்கட்டு வாளித் தண்ணியே கட்டியாயிருச்சு. சுரங்கம்தான் கதகதன்னு இருக்கும். அங்க வச்சிட்டு வந்துரலாம்."

நீட்டின கையை இழுத்துக்கொண்டேன். "அக்கா, இன்னிக்கா? அவ எண்ணுற நாளுக்கா! அண்ணன்கிட்டச் சொல்லிக் கூட்டியாரேன்."

"அந்த மனுஷன் காலையிலயே மூணு தரம் வானத்தப் பாத்தாரு. பாத்துட்டுக் குடிக்கப் போயிட்டாரு. மனசு செத்துப்போச்சு அவருக்கு, எதுவும் ஓடல. நான் விட முடியுமா?"

"எண்ணிருவாளேக்கா."

"எண்ணட்டும். எம் பிள்ளைய எண்ணிக்கிட்டாள்ல? அவன் என்ன, இன்னிக்கா போனான்? நல்ல நாள்லதான போனான். இன்னொண்ணையும் சேத்து எண்ணட்டும். நீ வாசல்ல நில்லு, உள்ள வராத. ஒனக்குப் பிள்ளை குட்டி ஆகணும்."

சும்மாடு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். கல்லிலிருந்து சேற்றுத் தண்ணீர் அவள் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. மலைப்பாதையில் எங்கள் செருப்புச் சத்தம் தவிர ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. தேவதாரு மரங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. எண்ணுவதற்காக நிற்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தேன். அவள் மட்டும் முணுமுணுவென்று ஏதோ பேசிக்கொண்டே ஏறினாள். என்னிடம் இல்லை.

சுரங்க வாயிலிருந்து வெதுவெதுப்பான மூச்சு மாதிரி ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு கணம் நின்றாள். பிறகு குனிந்து, கல்லைக் கைக்கு மாற்றிக்கொண்டு, விளக்கும் இல்லாமல் உள்ளே போனாள். இருட்டில் கல்லை இறக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. "அக்கா! அக்கா!" என்று நான் கத்தினேன். வெளியே வந்தபோது உள்ளங்கையெல்லாம் சேறு.

"அந்தச் செவுரத் தொட்டுப் பாத்தேன். அவன் உளி போட்ட தடம் இருக்கு" என்றாள்.

திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் யசபுரோ அண்ணன் வந்தார். குடித்திருந்தார், தள்ளாடவில்லை. நேரே முற்றத்து மூலைக்குப் போய்ப் பாயைத் தூக்கினார்.

"கல்லு எங்க?"

"பனி படாத எடத்துல."

"எங்கன்னு கேக்குறேன்."

"அவன் எடுத்த எடத்துல."

வேலிக்கு இந்தப்புறம் நான் நின்றேன். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த ஈரப்பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"விட்டிருக்கலாமே மிட்சு. இன்னிக்கு ஒரு ராத்திரி விட்டிருக்கலாமே."

"விட்டா காலையில தூள் தூளா கெடக்கும்."

"ஆமா" என்றார். "ஆமா, கெடக்கும்."

அவள் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். எனக்கும் அப்போது புரியவில்லை.

மறுநாள் விடிந்தபோது ஊரே வெள்ளை. ஓடைக்கரையில் வெளியே மறந்து விட்டிருந்த கல் ஒன்று அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. யசபுரோ அண்ணன் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மிட்சு அக்கா பின்னால். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், நானும் போனேன். மகன் போன பிறகு அந்த மனுஷன் சுரங்கத்துக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வாசலில் கையைக் கூப்பி நின்றுவிட்டு உள்ளே போய், கல்லை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தார். மிட்சு அக்காவின் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"பொளந்துருங்க. நல்ல ஏடா ஒண்ணு எடுத்துத் தாங்க. நானே தேய்ச்சிக்கிறேன்."

அவர் பிளக்கவில்லை. சுரங்கத்திலிருந்து வடிகிற தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி, கல்லின் ஒரு பக்கத்தில் ஊற்றித் தேய்த்தார். இத்தனை நாளாக அவர் தேய்க்காத சேறு அது. அது கரைந்து வழிய வழிய உள்ளே இளம்பச்சைக் கல் தெரிந்தது. எவ்வளவு அழகு! கண்ணுக்கு இதம். அதன் குறுக்கே, மேலிருந்து கீழ் வரை, அடுக்கையெல்லாம் குத்திக்கொண்டு ஒரு செம்பழுப்பு இழை. மயிரிழை தடிமன்தான்.

மிட்சு அக்கா மண்டியிட்டாள். கட்டைவிரலால் வழித்தாள். நகத்தை இழுத்தாள். நகம் தட்டியது. இன்னொரு தரம் இழுத்தாள். தட்டியது.

"அன்னிக்கே பாத்துட்டேன்" என்றார் அவர். "அவனைத் தூக்கிட்டுப் போறாங்க, எல்லாரும் பின்னாலயே ஓடறாங்க. எங் கையில வெளக்கு. கல்லப் பாத்தேன். பழக்கம் பாரு, பிள்ளை போற நேரத்துலயும் கண்ணு கல்லுக்குப் போகுது. நரம்பு தெரிஞ்சுது. சேத்த அள்ளி நாந்தான் அப்பினேன்."

"ஏன்?"

"இந்த எடத்தக் காட்டுனது நானு. பால் மாதிரி வரும்னு சொன்னது நானு. ஓடையில வீசுற கல்லுக்காகவா எம் பிள்ளை போனான்னு நீ கேப்ப. எங்கிட்ட என்ன பதில் இருக்கு? பனி வரட்டும்னு இருந்தேன். அதுக்குத்தான் தண்ணி ஊத்துனேன். பனி தின்னுருச்சுன்னா, நல்ல கல்லு, நம்ம கொடுப்பினை அவ்வளவுதான்னு ஒனக்கு இருக்கும். என்னைய நாலு திட்டுவ. திட்டிட்டுப் போ. அது தேவலயில்ல?"

காட்டில் எங்கோ உறைபனி உருகி ஒரு கிளையிலிருந்து சொட்டியது. மிட்சு அக்கா அந்த இழையின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பொளங்க" என்றாள்.

"வேணாம் மிட்சு."

"உள்ள போகப் போக நின்னுருக்கும். சிலதுல நின்னுரும். பொளங்க."

உளியை வைத்துத் தட்டினார். கல் இரண்டாகப் பிரிந்தது. இழை இருந்தது. மேல் பாதியை எடுத்து மறுபடி தட்டினார். இருந்தது. இன்னும் மெல்லிசாக ஒன்று. அதிலும் இருந்தது. அவர் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போனார். சில்லு சில்லாகத் தெறித்தது, கண்ணீரும் சளியுமாக மூஞ்சி நனைந்துவிட்டது. அன்றைக்குக் கத்தி தீட்டியபோது நடுங்காத கையில் இப்போது சுத்தியல் இரண்டு தரம் சறுக்கியது. மேல் பாதி தீர்ந்து, கீழ்ப் பாதியில் உளியை வைத்தபோது மிட்சு அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும். மிச்சமாவது முழுசா இருக்கட்டும்."

அந்தப் பாதியைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். "அத எதுக்குக்கா?" என்று கேட்டேன். அவள் பாதையில் இறங்கிவிட்டாள். அவர் உளியைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

புது வருஷத்துக்கு முன்னால், மாவு இடிக்கிற சத்தம் ஊரெல்லாம் கேட்கிற நாளில் ஹனாயே மூட்டையோடு வந்தாள். மிட்சு அக்கா என்ன சொல்வாளோ என்று நான் வேலியோரம் வந்து நின்றேன். அவள் வாயைத் திறக்கும் முன்பே யசபுரோ அண்ணன் உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து ஹனாயே முன்னால் வைத்தார். பிரித்தாள். படகு மாதிரி நடுவில் குழிந்த கல்.

"மாமா, இது ஒங்க கல்லுல்ல?"

"அன்னிக்கு ஒங் கத்திய இதுலதான் தீட்டுனேன். ஒங் கத்திக்கு இது பழக்கம்."

"ஒங்களுக்கு?"

"எனக்கு எந்தக் கல்லா இருந்தா என்ன. ஒரு வாட்டி மட்டம் பண்ணியிருக்கேன், நடுக்குழி கொஞ்சம் இருக்கு. ரெண்டு மாசம் தேய்ச்சா சரியாயிடும். அழுத்தாத. கத்தியோட கனமே போதும்."

ஹனாயே கல்லை மடியில் வைத்துக்கொண்டு மிட்சு அக்காவைப் பார்த்தாள். "அவர் எடுத்த கல்லு, அத்தை?"

"அது வீட்டுக் கல்லு ஆயிருச்சும்மா. வீட்டுலயே இருக்கட்டும்."

அந்தப் பெண் கெட்டிக்காரி என்று சொன்னேன் இல்லையா. அதற்கு மேல் கேட்கவில்லை. மூன்று பேரும் தேநீர்க் கஞ்சி குடித்தார்கள். பஸ் வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அந்தக் கல்லை மூட்டைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

அவளை அனுப்பிவிட்டு நான் திரும்பியபோது மிட்சு அக்கா கூரையிலிருந்து முள்ளங்கிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பாதி கெட்டுப்போயிருந்தது. நல்லதைப் பொறுக்கி, உப்பும் தவிடும் தூவி, மரச்சாலில் அடுக்கு அடுக்காக வைத்து அழுத்தினாள். மேலே பலகை போட்டாள். அதன்மேல் அந்தக் கல்லைத் தூக்கி வைத்தாள். இளம்பச்சைக் கல், குறுக்கே ஒரு செம்பழுப்பு இழை. தீட்டத்தான் லாயக்கில்லை. கனத்துக்கு என்ன குறை?

அதற்குப் பிறகு அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஊறுகாய்ச் சாலைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கல்லை இரண்டு கையாலும் எடுத்து, தரையில் வைக்கமாட்டாள். முதலில் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் வைப்பாள். வேலை முடிந்ததும் துடைத்துவிட்டுத் திரும்பத் தூக்கி வைப்பாள்.

மூங்கில் முளை விடுகிற பருவத்தில் ஒரு சாயங்காலம், வயலில் தவளைச் சத்தம். முதல் ஊறுகாய்ச் சாலைத் திறந்திருந்தாள் போலிருக்கிறது. வேலிக்கு அந்தப்புறம் பலகையில் கத்தி விழுகிற சத்தம் கேட்டது. யசபுரோ அண்ணன் கிணற்றடியில் உட்கார்ந்து, கழுவி முடித்த காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். சமையல்கட்டிலிருந்து மிட்சு அக்காவின் குரல் வந்தது. எதிரே வந்து நின்று பேசவில்லை. உள்ளேயிருந்தே, பழைய மாதிரி.

"எய்கிச்சி அப்பா! சோறு ஆறுது."

அவர் அப்படியே இருந்தார். கையில் செம்பு, அதிலிருந்து தண்ணீர் கொட்டி முடியும் வரை அசையவில்லை. பிறகு "வந்துட்டேன்" என்று எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் நறுக்கென்று ஒரு சத்தம் வேலி தாண்டிக் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு நறுக்.

இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்தக் கல் இப்போது யார் வீட்டில் எந்தச் சாலின்மேல் இருக்கிறதோ தெரியாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும், ஒரு காசுக்குப் பிரயோசனம் இல்லை என்று எல்லாரும் சொல்ல, ஒருத்தர் மட்டும் துணி மடித்துப் போட்டு அதன்மேல் இறக்கி வைக்கிற பொருள். அது என்ன, யாருடைய கை பட்டது என்று எனக்கு எழுதுங்கள். நீளமாகவே எழுதுங்கள். குளிர்காலம், எனக்கு வேறு வேலை இல்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.